டைரக்டர்கள் தந்த உத்தியோகம்

கூட்டுறவு பாங்கியில் உத்தியோகம் என்றால் நம் ஊர்ப்பக்கங்களில் ஒரு தனி மரியாதை உண்டு. சர்க்கார் உத்தியோகத்தைப் போல் ஊர் ஊராய் மாற்றல் கிடையாது. தனியார் கம்பெனியைப் போல் இன்று உண்டு, நாளை இல்லை என்ற அச்சமும் கிடையாது. வீட்டுச் சோற்றை உண்டு, பக்கத்துத் தெருவுக்குப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பி விடலாம் என்பது பெரியவர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் நடுவரி தவறு என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை. கூட்டுறவு பாங்கிகளின் நிர்வாக சபைகள் செய்த நியமனங்களைப் பற்றி நம் நாட்டு நீதிமன்றங்களில் நடந்த தாவாக்கள் கொஞ்சமல்ல. அவற்றில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல் பட்டம் பெற்று, வேலை தேடி நின்ற இளைஞர்களே.

ரசாயனம் படிக்கிறவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று சங்கத்து நண்பர்கள் கேட்பார்கள். என் தாய்மாமன் ஒருவர் இப்படிப்பட்ட நியமனத்தால் உத்தியோகம் பெற்று, எட்டாண்டுக்குப் பின் அதை இழந்தவர். அவருடைய வழக்குக் கட்டு எங்கள் வீட்டுப் பரணில்தான் கிடந்தது. ‘ரிட் மனு’, ‘பிரதிவாதி’, ‘தள்ளுபடி’ என்ற சொற்களை நான் தனிம அட்டவணைக்கு முன்பே கற்றவன். டில்லிக்கு வந்த பிறகு, சட்டம் பயிலும் நண்பர் ஒருவரின் தயவால் அந்தத் தீர்ப்புகளை முழுமையாகவே படித்துப் பார்த்தேன்.

முதலில் பாங்கியைப் பற்றிச் சில வார்த்தைகள். பங்கு வாங்கியவர்களே அங்கத்தினர். கடன் வாங்குவோரும் அவர்களே. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஓர் ஓட்டுத்தான். அந்த ஓட்டினால் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் டைரக்டர்களாய் அமர்ந்து நிர்வாகம் செய்கிறார்கள். ஜெர்மனியில் ரைபைசன், ஷூல்ட்ஸே என்ற இருவர் வளர்த்த இந்த முறையைச் சென்னை ராஜதானிக்கு ஏற்கும்படி ஆராய்ந்து, சர் பிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாய் அறிக்கை எழுதினார். 1904-ல் சட்டம் வந்தது. அந்த ஆண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் ஒரு கிராமக் கடன் சங்கமும் காஞ்சீபுரத்தில் ஒரு நகரக் கடன் சங்கமும் பதிவாயின. இந்தியாவில் அவ்வகையில் முதலாவது என்ற பெயர் அவற்றுக்கு உண்டு. ஆகையால் இந்த விவகாரத்தில் தமிழர்களாகிய நமக்குப் பிதிரார்ஜித பாத்தியதையே இருக்கிறது!

1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் கூட்டுறவு மாகாணங்களின் கைக்கு வந்தது. நம் அரசியல் சட்டத்திலும் கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. பாங்கித் தொழிலோ மத்தியப் பட்டியலில் இருக்கிறது. 1966 மார்ச்சு 1-ஆம் தேதி முதல் ரிசர்வ் பாங்கியின் கண்காணிப்பும் சேர்ந்தது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அந்தக் கண்காணிப்பு இன்னும் இறுகியது. ஆக, கூட்டுறவு பாங்கிக்கு எஜமானர் இருவர். பணத்தைப் பற்றிய விஷயங்களில் பெரும்பாலும் ரிசர்வ் பாங்கி; குமாஸ்தாவை யார், எப்படி நியமிப்பது என்பதில் மாநிலச் சட்டமும் அதன்படி அமைந்த கூட்டுறவுப் பதிவாளரும். ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு மட்டும் 2002-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடும். எனக்குப் பழக்கமான தமிழ்நாட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இத்துறையின் மிகப் பெரிய வழக்குகளில் ஒன்றும் அங்கிருந்துதான் வந்தது.

தமிழ்நாட்டில் 1983-ல் இயற்றப்பட்டு 1988-ல் நடைமுறைக்கு வந்த கூட்டுறவுச் சட்டமும் அதன் விதிகளும் ஓர் உத்தியோகம் பிறக்கும் வகையைச் சொல்கின்றன. பாங்கியில் எந்தப் பதவிக்கு எத்தனை இடம் என்பதற்குப் பதிவாளரின் சம்மதம் வேண்டும். அந்தப் பதவிக்கு உரிய கல்வித் தகுதியும் கூட்டுறவுப் பயிற்சியும் வகுக்கப்பட்டிருக்க வேண்டும். காலியிடம் ஏற்பட்டால் அது தகுதியுள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டும். இட ஒதுக்கீட்டின் முறைப்படி நிரப்ப வேண்டும். இவ்வளவும் நடந்தேறிய பின்னர் நிர்வாக சபை கூடித் தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் கடைசிப் படி. நம் மக்களோ அதையே முதற்படியாகவும் ஒரே படியாகவும் நினைக்கிறார்கள். ‘போர்டில் தீர்மானம் ஆகிவிட்டது’ என்றால் கல்யாணத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கி விடுகிறார்கள்! எங்கள் ஆய்வுகூடத்துப் பாஷையில் சொன்னால், நியமன உத்தரவு புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு. அனுமதி பெற்ற காலியிடந்தான் புட்டிக்குள் இருக்கும் சரக்கு. சீட்டை எவ்வளவு அழகாய் எழுதி ஒட்டினாலும் காலிப் புட்டி காலிப் புட்டிதான்.

காலியிடத்தைத் தெரிவிப்பது பற்றி ஒரு சிறு விளக்கம். 1959-ல் வந்த சட்டம் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்கச் சொன்னது. அந்த அலுவலகம் அனுப்பியவர்களிலிருந்துதான் பொறுக்க வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என 1987-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அலுவலகத்துக்குத் தெரிவிப்பதோடு பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்வதே நியாயம் என்று 1996-ல் மற்றொரு வழக்கில் கூறிற்று. பதிந்து வைத்தவனுக்கும் பதியாதவனுக்கும் ஒரே வாய்ப்பு வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

இத்தனை விதிகள் இருந்தும் டைரக்டர்கள் ஏன் மீறினார்கள்? எல்லோரும் கையூட்டுக்காகவே செய்தார்கள் என்று எழுதிவிட்டால் கட்டுரை சுலபமாய் முடியும். உண்மை அவ்வளவு சுலபமானதல்ல. பயிர்க்கடன் வழங்கும் பருவத்தில் பாங்கியின் வாசலில் கூட்டம் நிற்கும். நகையை எடைபோட ஆள் வேண்டும், பேரேடு எழுத ஆள் வேண்டும். புதிய இடத்துக்கு அனுமதி கேட்டு அனுப்பிய கடிதம் மேலிடத்தில் தூங்கும். ‘தற்காலிகமாய் ஒரு பையனைப் போட்டுக்கொள்வோம்’ என்று தொடங்குகிறது. அந்தப் பையன் தலைவருக்கு அக்காள் மகனாகவோ உபதலைவரின் சாதிக்காரனாகவோ தேர்தலில் உழைத்தவனின் தம்பியாகவோ இருப்பது அடுத்த கட்டம். விளம்பரம் இல்லாத இடத்தில் வேண்டியவர்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியப்போகிறது? பணம் கைமாறுவது மூன்றாவது கட்டம். முதற் கட்டத்து அவசியம் உண்மையாய் இருந்ததால், பின்னிரண்டு கட்டங்களும் அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தன.

இனிப் பெரிய வழக்குக்கு வருகிறேன். 1980 ஜூலை 9-ஆம் தேதிக்கும் 2001 மார்ச்சு 11-ஆம் தேதிக்கும் இடையில், வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்காமலே தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் ஏராளமானோர் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இவர்களை என்ன செய்வது? 2001 மார்ச்சு 12-ஆம் தேதி சர்க்கார் 86-ஆம் எண் உத்தரவைப் பிறப்பித்தது. இரண்டாண்டுக் காலத்தில் 480 நாள் வேலை பார்த்தவர்களை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, முறைப்படுத்தலாம் என்பது அதன் சாரம். அடுத்த இரண்டு மாதத்தில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது என்பதையும் குறிப்பிட்டு விடுகிறேன், வேறொன்றும் சொல்லவில்லை.

உத்தரவு வந்ததும் வழக்குகளும் வந்தன. எனக்கு அதன் பலன் உண்டு என்று சிலர். காலியிடமும் தகுதியும் இல்லாதவருக்கும் உண்டா என்று கேள்வி. சென்னை ஐகோர்ட்டு 2002-ல் அந்த வழக்குகளின் கூட்டத்துக்கு ஒரு பொதுத் தீர்ப்பைச் சொன்னது. விஷயம் டில்லிக்கு வந்தது. 2004 ஜூலை 28-ஆம் தேதி உமாராணி வழக்கு என்ற பெயரில் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு வெளியாயிற்று.

அத்தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது, எளிமையினாலேயே கடுமையானது. நியமனத்தில் இரண்டு வகைக் குறை உண்டு. காலியிடம் இருந்து, தகுதியும் இருந்து, தேர்வு முறையில் ஏதோ ஒரு சடங்கு விட்டுப்போயிருந்தால் அது ஒழுங்குக் குறை, அதைச் செப்பனிடலாம். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல், அல்லது வகுத்த தகுதி இல்லாமல், சட்டத்தின் கட்டாய விதியை மீறி நியமித்திருந்தால் அது சட்ட விரோதம். அதைச் செப்பனிட வழியே இல்லை. ‘முறைப்படுத்துதல்’ என்பது ஆள் சேர்க்கும் முறைகளில் ஒன்றாகாது. சட்டத்திலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தைக் காட்டியும், அரசியல் சட்டத்தின் 162-ஆம் ஷரத்து தரும் நிர்வாக அதிகாரத்தைக் காட்டியும் வாதங்கள் எழுந்தன. சட்டம் மறுத்ததை ஒரு நிர்வாக உத்தரவினால் கொடுக்க முடியாது என்று கோர்ட்டு அவற்றைத் தள்ளியது. பல ஆண்டு உழைத்தார்களே என்ற அனுதாபமும் சட்ட விரோதத்துக்கு மருந்தாகாது என்றது.

என் மாமா 1997-ல் ஒரு கூட்டுறவு பாங்கியில் தற்காலிக எழுத்தராய்ச் சேர்ந்தவர். பி.காம். பட்டதாரி, கூட்டுறவுப் பயிற்சியும் முடித்தவர். தகுதியில் குறையில்லை. ஆனால் அந்த பாங்கிக்கு அனுமதிக்கப்பட்ட எழுத்தர் இடங்கள் எத்தனையோ அத்தனையும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. இவர் அதற்கு மேற்பட்டவர். இது அவருக்குத் தெரியாது. தீர்மானத்தின் நகல் ஒன்று கொடுத்தார்கள், அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார்கள். பணம் ஏதேனும் கொடுத்தாரா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. 2001 உத்தரவு வந்த அன்று தெருவுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்ததாய் அம்மா சொல்வாள். 2005-ல் ஒரு தபால் வந்தது. அவருடைய ரிட் மனு ஒரு பக்கத் தீர்ப்பில் தள்ளுபடியாயிற்று. அந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் உமாராணி வழக்கின் மேற்கோள். இப்போது ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். அவரைச் சேர்த்துவிட்ட டைரக்டர் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குத் தவறாமல் வந்து, முதல் பந்தியில் சாப்பிட்டு, மாமாவிடம் க்ஷேமம் விசாரித்துப் போகிறார்.

நிற்க. தீர்ப்பு தவறா? பல நாள் யோசித்த பின் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மாமா சேர்ந்த அதே 1997-ல், அதே ஊரில், அதே பட்டத்தோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருந்த ஒருவர் இருந்திருப்பார். அவருக்கு டைரக்டர் யாரையும் தெரியாது. அந்த பாங்கியில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியே அவர் காதுக்கு எட்டவில்லை. அவர் எந்தக் கோர்ட்டுக்கும் வரவில்லை, வரவும் முடியாது. தமக்கு அநியாயம் நடந்தது என்றே அவருக்குத் தெரியாதே! கோர்ட்டு அந்தக் காணாத மனிதரை நினைத்துப் பேசியது. அதைக் குறை சொல்ல எனக்கு நாவெழவில்லை.

ஆனால் தண்டனையின் பங்கீட்டில் எனக்குச் சம்மதமில்லை. மாமாவின் சம்பளம் பாங்கிக் கணக்கில் எட்டாண்டு பற்று எழுதப்பட்டது. ஆண்டுதோறும் தணிக்கை நடந்தது. அனுமதிக்கு மேற்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ளச் சம்பளப் பட்டியலையும் அனுமதிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். யாரும் பார்க்கவில்லையா, பார்த்தும் சும்மா இருந்தார்களா? 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின்படி பதிவாளர் விசாரணை நடத்தலாம்; 87-ஆம் பிரிவின்படி, சங்கத்துக்கு நஷ்டம் விளைவித்த நிர்வாகிகளிடமிருந்தே அந்தத் தொகையை வசூலிக்க உத்தரவிடலாம். ‘தண்டத் தீர்வை’ என்று இதற்குப் பெயர். செயல் நடந்து ஏழாண்டுக்குள் நடவடிக்கை தொடங்கியாக வேண்டும். இந்த ஏழாண்டு வரம்பு யாருக்கு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். குமாஸ்தாவின் நியமனம் இருபது ஆண்டானாலும் சட்ட விரோதமாகவே இருக்கும். நியமித்தவரின் பொறுப்போ ஏழாண்டில் கரைந்துவிடும்.

இனி, உத்தியோகம் பறிபோனவன் எந்த வாசலைத் தட்டுவது என்ற கேள்வி. இதுதான் இந்த விவகாரத்தில் மிக விசித்திரமான பகுதி.

முதல் வாசல் ஐகோர்ட்டு. அரசியல் சட்டத்தின் 226-ஆம் ஷரத்துப்படி ரிட் மனுப் போடலாம். ஆனால் கூட்டுறவு பாங்கி ‘அரசு’ என்ற சொல்லுக்குள் அடங்குமா? இமாசலத்தில் காங்க்ரா மத்தியக் கூட்டுறவு பாங்கியின் கிளை மானேஜர் ஒருவர் வேலைநீக்கத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில், 2006-ல், அடங்காது என்றது சுப்ரீம் கோர்ட்டு. சர்க்காருக்குச் சிறிது பங்கு இருப்பதும், பதிவாளர் மேற்பார்வை செய்வதும், ஒரு பாங்கியைச் சர்க்காரின் அங்கமாக்கிவிடாது. ரிட் செல்லாது என்பது முடிவு. இரண்டாண்டுக்கு முன் உமாராணி வழக்கிலோ, அரசா இல்லையா என்ற கேள்வியில் புகாமலே, சட்டத்தின் கட்டாய விதி மீறப்பட்டால் ரிட் செல்லும் என்று சொல்லியிருந்தது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது? சென்னை ஐகோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் 2006-ல் மாரப்பன் வழக்கில் அமர்ந்து வகுத்த வழி இது: சங்கம் அரசாய் இல்லாவிட்டாலும், சட்டம் அதன் மேல் சுமத்திய பொதுக் கடமையை நிறைவேற்றக் கேட்டால் ரிட் செல்லும், சங்கத்தின் துணைவிதியை மீறினார்கள், ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று கேட்டால் செல்லாது. துணைவிதி என்பது சங்கம் தனக்குத்தானே எழுதிக்கொண்ட ஏற்பாடு. அதற்குச் சட்டத்தின் வலு கிடையாது. இதன் விளைவைக் கவனியுங்கள். வேலை போனவனை எதிர்த்துப் பேச வருகிறவருக்குச் சட்ட விதி கைகொடுக்கிறது. வேலை போனவன் கையிலிருப்பதோ பெரும்பாலும் வெறும் துணைவிதி.

இரண்டாம் வாசல் பதிவாளர். சங்கத்தின் அமைப்பு, நிர்வாகம், தொழில் ஆகியவற்றைத் தொட்ட தகராறுகளை 90-ஆம் பிரிவின்படி அவரிடம் கொண்டுபோகலாம். ஆனால் சம்பளம் பெறும் ஊழியர் மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கையை அப்பிரிவே விலக்கி வைத்திருக்கிறது. டில்லியின் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே. ஊழியரின் வேலை நிபந்தனை ‘சங்கத்தின் தொழில்’ ஆகுமா என்ற கேள்வி 1969-லேயே எழுந்தது. ஆந்திர மாநிலத்து மத்தியக் கூட்டுறவு பாங்கிகளுக்கும் ஊழியர்களுக்கும் நடந்த வழக்கில், ஆகாது, அது தொழில் தீர்ப்பாயத்துக்கு உரியது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. மத்தியப் பிரதேசச் சட்டத்தின் வாசகம் வேறு. அங்கே பதிவாளருக்கே அந்த அதிகாரம் உண்டு என்று 1997-ல் தீர்ந்தது. ஒரே பாங்கி வேலை, ஒரே குறை; நர்மதைக் கரையில் ஒரு வாசல், கோதாவரிக் கரையில் வேறு வாசல்!

மூன்றாம் வாசல் தொழிலாளர் கோர்ட்டு. தொழிலாளி என்ற இலக்கணத்துக்குள் வருகிற குமாஸ்தாவுக்கு இது நல்ல வாசல். மானேஜருக்கு அநேகமாய் மூடிய வாசல். நியமனமே சட்ட விரோதம் என்றால் இங்கேயும் திரும்ப வேலை கிடைப்பது அரிது. நஷ்ட ஈடு கிடைக்கலாம். மாமாவின் வக்கீல் இந்த யோசனையைச் சொன்னபோது மாமாவின் கை வறண்டுவிட்டது.

நான்காவது சிவில் கோர்ட்டு. ஒருவனை வேலைக்கு வைத்துக்கொள் என்று எஜமானனைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பது அதன் பழைய மரபு. சர்க்கார் ஊழியர், தொழிற்சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற தொழிலாளி, சட்டத்தால் படைக்கப்பட்ட ஸ்தாபனம் சட்டத்தையே மீறுவது என மூன்று விலக்குகள் உண்டு. ஷாம்லி நகரத்து வைஷ் கல்லூரிப் பிரின்ஸிபால் வழக்கில் 1970-களில் இதை விளக்கியபோது, சட்டத்தால் படைக்கப்பட்ட ஸ்தாபனம் வேறு, சட்டத்தின்படி பதிவான ஸ்தாபனம் வேறு என்றார்கள். ஸ்டேட் பாங்கி முதல் வகை. நம் கூட்டுறவு பாங்கி இரண்டாம் வகை.

நான்கு வாசலையும் சுற்றிவந்தால் வயது நாற்பது ஆகிவிடும் என்பது மிகையல்ல.

உமாராணிக்குப் பிறகு கதை அப்படியே நின்றுவிடவில்லை. 2006 ஏப்ரல் 10-ஆம் தேதி, கர்நாடகத்து உமாதேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சு, கொல்லைப்புற நியமனங்களுக்குக் கதவைச் சாத்தியது. ஆயினும் ஒரு சிறு ஜன்னலைத் திறந்து வைத்தது: அனுமதிக்கப்பட்ட இடத்தில், தகுதியோடு, கோர்ட்டின் தடையுத்தரவு துணையின்றிப் பத்தாண்டு வேலை பார்த்தவர்களை ஒரே ஒரு முறை முறைப்படுத்தலாம் என்றது. அந்த ஜன்னலை மறந்து, கதவை மட்டும் நினைவில் வைத்துப் பல ஸ்தாபனங்கள் நடந்துகொண்டன. 2024 டிசம்பரில் ஜக்கோ என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைக் கண்டித்தது. மத்திய நீர்க் கமிஷனில் நீண்ட காலம் பெருக்கியும் தோட்டம் பேணியும் வந்தவர்களை உமாதேவி தீர்ப்பைக் காட்டித் துரத்துவது அத்தீர்ப்பின் நோக்கத்தையே திரிப்பதாகும் என்று, அவர்களை நிரந்தரமாக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் நித்தியமான வேலையில் நீண்ட காலம் உழைத்தவர்களுக்கு அது சொன்ன ஆறுதலை, எண்ணிக்கைக்கு மேல் போட்ட பாங்கிக் குமாஸ்தாவுக்கு அப்படியே நீட்டலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. காலிப் புட்டியின் சங்கடம் அங்கே தீரவில்லை.

சென்ற பருவத்தில் நம் ஹாஸ்டல் நண்பர் ஒருவருக்கு வீட்டிலிருந்து செய்தி வந்தது. வேறொரு மாநிலத்தில் மூன்று தலைமுறையாய்க் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். அங்குள்ள கூட்டுறவு பாங்கியில் டைரக்டர் ஒருவர் வேண்டியவராம். சபையில் சொல்லி இடம் போட்டுத் தருவதாய் வாக்களித்திருக்கிறாராம். நண்பர் பௌதிகத்தில் கெட்டிக்காரர். ஆராய்ச்சிக்குப் போக ஆசை. ஆனால் வீட்டில் தங்கை கல்யாணம் நிற்கிறது. என்னிடம் கேட்டார். போகாதே என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் யார்? சில கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பதவிக்கு அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? விளம்பரம் எந்தப் பத்திரிகையில், எந்தத் தேதியில் வந்தது? உத்தரவில் ‘தற்காலிகம்’, ‘தொகுப்பூதியம்’, ‘பதிவாளர் ஒப்புதலுக்கு உட்பட்டு’ என்ற சொற்களில் எது இருக்கப்போகிறது? நிர்வாக சபையின் ஆயுள் எப்போது முடிகிறது? கடைசிக் கேள்வியை நண்பர் வேடிக்கையாய் எடுத்துக்கொண்டார். அது வேடிக்கையல்ல. தேர்தலுக்கு முந்திய மாதங்களில் கூடிய சபைகளின் தீர்மானங்களை அடுத்து வருகிற சபையோ தனி அதிகாரியோ முதலில் எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

தமிழ்நாட்டில் இப்போது ஆள் சேர்க்கும் வேலை டைரக்டர்கள் கையை விட்டுப் பெரும்பாலும் விலகிவிட்டது. மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் காலியிட எண்ணிக்கையோடு அறிவிப்பு வெளியிட்டு, எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நடத்துகின்றன. பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கிறார்கள் என்பதை அறிவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும்; எம்.எஸ்ஸி. அதற்கு ஈடாகாது. கேரளத்தில் கூட்டுறவுப் பணித் தேர்வு வாரியம் ஒன்று இருக்கிறது. மற்ற மாநிலங்களில் ஒரே மாதிரியாய் இல்லை.

அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை என்று டைரக்டரிடம் கேட்டால் அவர் முகம் சுளிப்பார். பாங்கியைத் தகவல் உரிமைச் சட்டப்படி நேரே கேட்கவும் இயலாது. கூட்டுறவுச் சங்கம் அச்சட்டம் சொல்லும் பொது அதிகார அமைப்பு ஆகாது என்று 2013-ல், கேரளத்துத் தலப்பலம் சேவைக் கூட்டுறவு பாங்கி வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. ஆனால் பதிவாளர் அப்படிப்பட்ட அமைப்புத்தான் என்றும், சட்டப்படி தாம் சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலை அவர் தரக் கடமைப்பட்டவர் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பணியிட அனுமதி அவர் கொடுத்ததுதானே. ஏடும் அவர் அலுவலகத்தில் இருக்கும். பாங்கியின் பெயர், பதவியின் பெயர், அனுமதித்த இடங்கள், நிரம்பிய இடங்கள் என நான்கு வரி எழுதி மனு அனுப்பினால் போதும். தமிழ்நாட்டில் கட்டணம் 10 ரூபாய். பதிலுக்குக் கெடு 30 நாள்.